பின்கயிற்றின் மறுமுனை

கழிப்பு கழித்து முச்சந்தியில் போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்து குடித்துவிட்டுப் போகிற ஆள் நான். சுடுகாட்டு வழியாகத்தான் வருஷக்கணக்கில் பஸ்ஸுக்கு நடந்தேன், ஒரு காற்றும் என்னைத் தொட்டதில்லை. ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது. ராத்திரியில்கூட இல்லை, ஆடி மாதத்துப் பிற்பகலில், பல்லைக் காட்டுகிற வெயிலில்.

கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். கடலை பிடுங்கிய அந்த மேட்டில் ஒரு பழைய பாய்மரப் படகு, இரும்புத் தாங்கிகளின் மேல், திருத்தணி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. சென்னையில் ஒரு ஷெட்டில் கேட்பாரற்றுக் கிடந்ததை வாங்கினேன், கரையோரம் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, லாரியில் ஏற்றி ஊருக்கே கொண்டுவந்துவிட்டேன். சாலையில் போகிறவர்கள் நின்று, "இன்னா நைனா, கடலு எப்ப வருதாம்?" என்று கேட்பார்கள். "வந்துகினே கீது" என்பேன். சிரித்துவிட்டுப் போகட்டும். பழவேற்காட்டிலிருந்து அதில் ஒருமுறை தெற்கே போயே தீருவது என்று முடிவு செய்திருந்தேன், செத்தாலும் சரி என்கிற மாதிரியான முடிவு, நடு வயதில் வருகிற பிடிவாதம் இருக்கிறதே, அது இருபது வயதுப் பிடிவாதத்தைவிட மோசம்.

படகில் எனக்கு மிச்சமிருந்த ஒரே பெரிய வேலை பின்கயிறு. ரன்னிங் பேக்ஸ்டே என்பார்கள். பாய்மரத்தின் உச்சியை முன்னும் பின்னும் எஃகுக் கம்பிகள் பிடித்திருக்கும், ஆனால் பழைய மரம், பலத்த காற்றில் நடுப்பகுதி முன்னால் வளைந்துவிடும். அதற்காக அந்த நடுவுக்குச் சற்று மேலே கட்டி, படகின் பின்பக்கம் இடமும் வலமுமாக இறக்கி, கப்பியில் கோத்து இழுத்துக்கொள்ள இரண்டு கயிறுகள். காற்று வருகிற பக்கத்துக் கயிறு இறுகி நிற்க வேண்டும், மற்றது தொய்ய வேண்டும், படகு திரும்பும்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். மாற்றிச் செய்தால் பாய்மரம் போய்விடும்.

மேலே ஏறிக் கட்ட எனக்குத் தோள் ஒத்துழைக்காது. ஏறியது பாவா. அக்கா வீட்டுக்காரர், முனிரத்தினம் என்று பேர், பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ரிப்பேர் செய்கிறவர். நக்கல் பிடித்த மனிதர். அவரை அழைத்து வரும்போதே அக்கா வாசலில் நின்று, "அவருக்கு ஒரு கீறல் வுழுந்தாலும் இந்த வூட்டுப் பக்கம் வந்துடாத" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பாவாதான், "மச்சான் கப்பல் வுட்டா ஃபாரின் போவலாம்டி" என்று சமாளித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாட்கள் அவை. சித்தூர்ப் பக்கத்து ஜனம் காவடியோடு சாலை நிறையப் போய்க்கொண்டிருந்தது, மலையிலிருந்து ஒலிபெருக்கி, புழுதி, பம்பைச் சத்தம். பாவாவைப் பலகை ஊஞ்சலில் உட்காரவைத்து, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றி மேலே ஏற்றிக் கட்டினேன். இரண்டு பின்கயிற்றையும் மரத்தில் மாட்டி முடித்துவிட்டார். கீழ்முனைகள் கப்பியில் கோத்தபடி, எதிலும் கட்டாமல், தளத்தில் கிடந்தன. கட்டிவிட்டு இறங்கியிருக்கலாம் நான். மேலிருந்து அவர் சின்ன ஸ்பானர் கேட்டார், அது கீழே முன்பக்கத் தாங்கிக்குப் பக்கத்தில் பெட்டியில் இருந்தது, ஏணி வழியாக இறங்கிப் போனேன்.

பெட்டியைத் திறக்கும்போது காற்று வந்தது. மலைப்பக்கமிருந்து, ஆடிக் காற்று, தென்னை ஓலையெல்லாம் ஒரே திசைக்கு வாரிக்கொண்டு. அடுத்து துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின்பக்க எஃகுக் கம்பி அடியோடு அறுந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் பாய்மரம் என் பக்கமாக வளைந்து வருகிறது, அதன் பாதியில் பாவா, ஊஞ்சலோடு, கால்கள் வெறும் வெளியில். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அக்காவின் முகம்தான் வந்தது.

மரம் நின்றது. பாதி வளைவில், ஏதோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி, நின்றது.

ஏணி படகின் பின்பக்கம் இருந்தது, இருந்ததே அந்த ஒரு ஏணிதான், ஓடிப்போய் ஏறினேன். மேலே நான் பார்த்ததை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், சொல்லும்போதெல்லாம் என் வாயே என்னைச் சந்தேகிக்கிறது. வலப்பக்கப் பின்கயிறு விறைத்திருந்தது. கப்பி வழியாகத் திரும்பி, தளத்துக்கு மேலே நெஞ்சு உயரத்தில் வந்து, அங்கே அந்தரத்தில் அந்த விறைப்பு முடிந்தது. முடிந்த இடத்திலிருந்து மீதிக் கயிறு, ஒருவர் கைப்பிடியிலிருந்து எப்படித் தொங்குமோ அப்படி, கீழே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. காற்று அழுத்தும்போது கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, காற்று தளர்ந்ததும் வாங்கிக்கொண்டது, ஒரு வெட்டு இல்லை, ஒரு உதறல் இல்லை.

அந்த மாதிரிப் பிடி எனக்குத் தெரியும். சின்ன வயசில் அலகுக் காவடிக்குப் பின்கயிறு பிடித்தவன் நான். முதுகில் கொக்கி போட்டவர் முன்னால் இழுத்துக்கொண்டு ஆடுவார், நாம் பின்னால் நின்று பிடிக்க வேண்டும். தளர விட்டு வெடுக்கென்று இழுத்தால் சதை கிழிந்துவிடும். கை மாற்றும்போதும் அப்படித்தான், அடுத்தவன் பிடித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லாமல் முதல் ஆள் விடவே மாட்டான்.

பயப்பட நேரமில்லை. போய் அந்த வெற்றிடத்துக்குச் சற்று முன்னால் கயிற்றை இரண்டு கையாலும் பற்றினேன். வாய் தானாகச் சொன்னது, "பிடிச்சிட்டேன்."

எடை என் கைக்கு வந்தது. ஒரேயடியாக அல்ல. நிதானமாக, என் கால் பதிகிறதா என்று பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக. தோள் பிய்ந்தது, பரவாயில்லை, பாவா மேலே இருக்கும்வரை விடப்போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வின்ச்சில் சுற்றுப் போட்டு இறுக்கிக் கட்டினேன். இடப்பக்கத்தையும் இழுத்துக் கட்டினேன். பிறகு ஊஞ்சலை மெல்ல இறக்கினேன். பாவாவின் கால் தளத்தில் பட்டதும் ஊஞ்சல் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

ரோட்டோர டீக்கடையில் இருவரும் இரண்டாவது டீ வாங்கினோம். கயிற்றைப் பற்றி நான் மூச்சே விடவில்லை. அவர் மேலே மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தவர், எதையும் பார்த்திருக்க வழியில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "யார் மச்சான் அந்த ஆளு?" என்றார்.

"எந்த ஆளு பாவா?"

"உன்கூட தளத்துல இருந்தாரே. காவடிக்கு வந்த தெலுங்குக்காரரா?"

நான் மட்டும்தான் இருந்தேன் என்றேன்.

"சும்மா இருடா. 'பட்டுக்கோ', பிடிச்சுக்கோன்னு தெலுங்குல சொன்னாரு, மெதுவாத்தான் சொன்னாரு, எனக்கு நல்லா கேட்டுது. அதுக்குத்தான நீ பிடிச்சிட்டேன்ன?"

அறுந்த கம்பியை மாற்றினேன், இரண்டு பின்கயிற்றையும் சரிபார்த்து முடித்தேன், படகு இப்போது பழவேற்காட்டுத் தண்ணீரில் நிற்கிறது, தெற்கேயும் ஒருமுறை போய் வந்துவிட்டேன். அதெல்லாம் சொன்னபடி நடந்துவிட்டது. கயிற்றின் மறுமுனையில் யார் என்பதைக்கூட விட்டுவிட்டேன். என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. பிடிச்சிட்டேன் என்பதை எங்கள் பக்கத்தில் காவடிக் கயிறு பிடிக்கிற யாரும் தானாகச் சொல்வதில்லை, பிடி என்று ஒருவர் சொன்னால் சொல்கிற பதில் அது. பதில் என் வாயிலிருந்து வந்தது. அவர் சொன்னது என் காதில் விழவே இல்லை.