எட்டரை மார்க்

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே வந்த மருமகன், உண்மைச் சம்பவம் என்று போட்டு வரும் அந்தக் கொலைத் தொடரில் போய் நிறுத்திவிட்டார். நம்புங்கள், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! இன்ஸ்பெக்டருக்குத் தொப்பை வந்துவிட்டது, கொலை மட்டும் நின்றபாடில்லை. "அத்தை, கொலகாரன் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

ஒரு காலத்தில் நான் இதில் பெரிய நீதிபதி. மறைமலைநகரில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. மாமல்லபுரத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் செங்கல்பட்டில் ஏறுவேன். திங்கட்கிழமை என்றால் உட்காருவதற்குள் கேட்பார்கள், நேற்றைய எபிசோடுக்கு எத்தனை மார்க் என்று. பத்துக்குப் போடுவேன். முதல் விளம்பரத்துக்குள் கொலைகாரன் தெரிந்துவிட்டால் இரண்டு கட். கிளிசரின் அழுகைக்கு ஒன்று. பெற்ற பிள்ளைகளின் ரேங்க் கார்டைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்தவள் இல்லை நான். டிரைவர் அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார். அந்த மரியாதை எனக்குத் தலைக்கேறியிருந்தது.

பஸ்ஸில் எனக்கு சீட் பிடித்து வைப்பவள் ஸ்டெல்லா. மாமல்லபுரத்துக்காரி, வேலையிலும் எனக்கு அடுத்த டேபிள். அவள் புருஷன் ஒருநாள் பட்டப்பகலில் குடித்துவிட்டுக் கடலில் குளிக்கப் போய்ப் பிணமாக ஒதுங்கினான். சூப்பர்வைசர் வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் காலையிலிருந்து என் பக்கத்தில் நின்று ஒயர் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த டேப்பை வாங்கிக் கீழே வைத்தது நான்தான். மூழ்கிச் செத்தான் என்றுதான் போலீஸும் எழுதியது.

ஒரு வருஷம் கழித்து, தொடரில் அதே கடற்கரை. கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் மனைவி. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அவளும் கள்ளக்காதலனும் சேர்ந்து புருஷனைத் தண்ணீரில் அமுக்குகிறார்கள். ஸ்டெல்லாவைத்தான் சொல்கிறார்கள் என்று உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிவரை பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினேன். ஸ்டெல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டு வசந்தாதான் ஆரம்பித்தாள். "இன்னா யக்கா, நேத்து பாத்தியா? எத்தினி மார்க்கு?"

அத்தனை கண்ணும் என் மேல். அடிப்பாவிகளா, அன்றைக்கு இவள் என் பக்கத்தில் நின்றாளே என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நானோ கதை வேறு, நிஜம் வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "எட்டரை" என்றேன். போதாததற்கு, மனைவியாக வந்தவள் நன்றாக நடித்தாள் என்று பாராட்டு வேறு. என் நாக்கில் சனி.

எட்டரையெல்லாம் நான் லேசில் போட மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் பக்கத்து டேபிள் அக்காவே போட்டுவிட்டது என்றால் சங்கதி உண்மைதான் என்று மதியச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது.

சாயங்காலம் நான் செங்கல்பட்டில் இறங்க எழுந்தபோது ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு நான் உன் பக்கத்துலதான யக்கா இருந்தேன்?"

"அது சும்மா கதடி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அந்த மாதமே அவள் வேலையை விட்டாள்.

மனசு கேட்காமல் ஒருநாள் அவள் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "புருசன கொன்னாளே, அவளா? பொண்ண இட்டுகினு எங்கியோ பூட்டா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கங்கெட்டவள் நான், அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் மார்க் போட்டேன்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. ஷெட்டை இடித்துவிட்டு குடோன் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு ஸ்டெல்லா கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடு எந்தக் குப்பையில் போனதோ. சூப்பர்வைசரும் செத்துப்போனார். அந்த எபிசோடு மட்டும் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி செல்போனில் கிடக்கிறது. ஸ்டெல்லாவின் மகளுக்கு இருபது வயது ஆகியிருக்கும். அவளும் பார்த்திருப்பாள். உன் அம்மா அன்றைக்கு என் பக்கத்தில்தான் நின்றாள் என்று அவளிடம் சொல்வதற்கு இனி நான் ஒருத்திதான் மிச்சம். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.