கிள்ளானுக்குக் கொண்டுபோன பேஸ்

என் நண்பனுக்கு இடது காது போய்விட்டது. வலது காதும் சில மாதங்களில் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வருடக்கணக்கில் கிரேன் ஓட்டியவன். அதற்கும் முன்பு எங்கள் கல்யாண மண்டப பேண்டில் அவன் கீபோர்டு, நான் கிட்டார். அதாவது, கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

“காது மூடுறதுக்குள்ள அந்த பேஸை ஒருவாட்டி கேக்கணும்டா,” என்றான்.

எண்பதுகளின் நியூ வேவ் ஆங்கிலப் பாட்டுகளில், ரப்பர் பந்து படியிறங்குவதுபோல அடிச்சுருதியில் துள்ளும் சிந்தசைஸர் பேஸ். அவன் இடது கை அதை அநாயாசமாக வாசிக்கும். அந்தக் கீபோர்டு எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டது.

“ரெண்டே நாள்ல செஞ்சு தரேன் லா,” என்றேன். என் வாய் என்னைக் கேட்டுப் பேசுவதில்லை.

என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் லேப்டாப் முன் உட்கார்ந்தேன். இரண்டு ஒலிகளை அடுக்கி, ஒன்றின் சுருதியைச் சற்றே விலக்கி, ஒலியை வடிகட்டும் ஃபில்டரைச் சட்டென்று மூடவைத்தால் அந்தத் துள்ளல் வரும். முதல் நாளே முக்கால்வாசி வந்தது. கூடவே பயமும் வந்தது. கடைசியாகக் கேட்கப்போகிறவனிடம் முக்காலையா நீட்டுவது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஐந்து வாரம் திருகினேன். என் வியர்வையில் ஹெட்போனுக்கே ஜலதோஷம் பிடித்திருக்கும்.

அவன் மனைவி போன் செய்தார். “அண்ணே, டிவி சத்தத்த முழுசா வெக்கிறாரு. பக்கத்து வீட்டு ஆன்டி நம்ம டிவியிலதான் நியூஸ் கேக்குறாங்க. சீக்கிரம் வாங்கண்ணே.”

மறுநாள் காலையே ரயிலேறினேன். அவன் வீட்டு ஹாலில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தட்டினேன். வலது காதைத் திருப்பிக் கண்ணை மூடினான். முழங்காலில் விரல்கள் துள்ளின.

“அதேதான்டா!”

காப்பியோடு வந்த அவன் மனைவி, “இன்னும் போடலையாண்ணே?” என்றார்.

ஐந்து வாரமாக அது என் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்ததால், ஹாலில் சத்தமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. லேப்டாப் இன்னும் ப்ளூடூத்தில் என் ஹெட்போனோடுதான் இணைந்திருந்தது. பேஸ் முழுவதும் என் பைக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது.

அவசரமாக ஸ்பீக்கருக்கு மாற்றினேன். காப்பிக் கோப்பைகள் அதிர்ந்தன. அவன் கண்ணைத் திறந்தான். முகம் சுருங்கியது.

“என்னடா இது, லோரி போற மாதிரி? நிறுத்து, நிறுத்து. மொதல்ல போட்டியே, அதப் போடு.”

அவன் மனைவி என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மறுபடியும் தட்டினேன்.