சனி ஞாயிறு ஜெயிலில் இருக்கிறவர்

பிள்ளைகளே, குறிப்பாகச் சின்னவள் அபி... உன்மேல் அப்பாவுக்குக் கோபம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு றிச்மண்ட் ஹில் கோவிலில் நடந்தது இது. அம்மா அர்ச்சனை வரிசையில். அபி சப்பாத்துகளுக்குக் காவல். மில்லிக்கனில் எங்கள் தெருவில் இருக்கும் ராணி அன்ரி அங்கே வந்தார்.

"அப்பா வரேல்லையோ பிள்ளை?"

"அப்பா ஜெயிலில இருக்கிறார், அன்ரி."

எங்கள் பேச்சில் வேலைக்குப் போனவர் அங்கே 'நிற்கிறார்'. ஜெயிலில் 'இருக்கிறார்' என்றால் கதையே வேறு. கனடாவில் பிறந்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

"ஐயோ! எத்தின நாளாய்?"

"ட்வெல்வ் இயர்ஸ்."

"போன கிழமைகூட பிளாசாவில கண்டனே?"

"இப்ப வீக்கெண்டில மட்டும்தான் அன்ரி. மன்டே வீட்டை நிப்பார்."

சரி... ஷிப்ட் அப்படி. ஆனால் இந்த ஊரில் சின்னக் குற்றம் செய்தவர்களை சனி ஞாயிறு மட்டும் உள்ளே வந்து தண்டனையைக் கழிக்க விடுவார்கள். அன்ரிக்கு அது தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு அப்படிக் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் தெரியாது. பூட்டும் திறப்புமாகப் பொருந்திவிட்டது!

திங்கள் பின்னேரம் கதவைத் திறந்தால் அன்ரி. கையில் இடியப்பமும் சொதியும்.

"தம்பி, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இன்னும் எத்தின வருசம் கிடக்கு?"

வேலையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"பதினெட்டு கிடக்கு அன்ரி. பிறகு பென்சன்."

"பென்சனும் குடுக்கிறாங்களோ!"

குசினிக்குள் அம்மா சிரித்த சிரிப்பில் உண்மை வெளியே வந்தது. அன்ரி சிரிக்கவில்லை.

"ஜெயில் ஒபிசர் எண்டு சொல்லுறதுக்கு என்ன? ஏன் இவ்வளவு நாளும் கவன்மென்ற் வேலை எண்டு மழுப்பினனீர்?"

இடியப்பத்தை வாங்கி வைத்தேன்.

பிள்ளைகளே, சனம் என்ன சொல்லும் என்ற பயம்தான். ஜெயில் என்ற சொல் வாயில் வந்தால் எங்கள் ஆட்கள் மேலும் கீழும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படியே மழுப்பப் பழகிவிட்டால்?

இதில் வெட்கம் என்னவென்றால் — எங்கள் யூனியன் இப்போது ஜெயிலின் சரித்திரத்தைச் சிறு புத்தகமாகப் போடுகிறது. தகவல் சேர்ப்பவன் நான். ஒரு காலத்தில் அது அந்த மாவட்டத்துக்கான கவுண்டி ஜெயில். பழைய பதிவேட்டில் வாத்துத் திருடிய ஒருவனைப் பற்றி எல்லாம் இருக்கிறது. பெயர், உயரம், கன்னத்துத் தழும்பு, வாத்தின் நிறம் உட்பட. அவனைப் பூட்டி வைத்து, குளிரில் விறைத்து, சாப்பாடு கொடுத்தவர்கள்? 'காவலர்கள் — மூவர்.' அவ்வளவுதான்!

யூனியன் கூட்டத்தில் நான் எழும்பி முழங்கினேன். "வாத்துக்கே நிறம் எழுதியிருக்கு. எங்கட ஆக்களுக்குப் பெயர் இல்லையோ?" என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். மேசை அதிரத் தட்டினார்கள். தலைவர் டோனி எனக்குக் கை தந்தார். பிறகு கோட்டைப் போட்டு, கழுத்துவரை சிப்பை இழுத்து, சீருடை தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அந்த மூவரின் பெயரை யாரோ எழுத மறந்தார்கள். என் பெயரை நானே அல்லவா அழித்துக்கொண்டிருந்தேன்?

அபி, நீ உண்மையைத்தான் சொன்னாய். வினைச்சொல் மட்டும்தான் பிழை.

இந்தச் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் தனியாகத் தமிழ்க் கடைக்குப் போனேன். கோட்டைக் காரிலேயே விட்டுவிட்டு, சீருடையோடு ஒவ்வொரு வரிசையாக நடந்து, பேக்கரித் தட்டில் ஒரு றாத்தல் பாண் வாங்கினேன்.

வீட்டில் ஏற்கெனவே பாண் இருந்தது.