மணிக்குப் பிறகு விழுந்த குத்து

பதினாறு வயதில், கண்டியில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் தெல்தெனிய ஊர்ப் பையன் ஒருவனோடு மோதினேன். மதிலுக்கு வெளியே குச்சி ஐஸ் விற்கும் ஐஸ்பழக்காரர் விடாமல் மணி அடித்துக்கொண்டிருந்தார். சுற்று முடிந்த மணி ஒலித்தபோதும் அவர்தான் அடிக்கிறார் என்று நினைத்து, கைகளை இறக்கிவிட்ட அவன் முகத்தில் குத்தினேன். அவன் விழுந்துவிட்டான்.

“மணி கேக்கலையா?” என்றார் நடுவர்.

“கேட்டிச்சு சேர். ஐஸ்பழம்னு நெனச்சேன்.”

நடுவர் ஐஸ்பழக்காரரையே உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்.

“அப்ப நான் அடிக்கல சேர். மதில்ல ஏறி சண்டை பாத்துக்கிட்டிருந்தேன்,” என்றார் அவர்.

அதுவரை அவர் விடாமல் அடித்ததை நடுவரும் கேட்டிருந்ததால், நான் ஏமாற்றவில்லை, ஆனாலும் தோற்றுவிட்டேன் என்று தீர்ப்பானது. மன்னிப்புக் கேட்கப் போனபோது, அந்தப் பையன் வீங்கிய உதட்டில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தான்.

“தெரியாமத்தான் அடிச்சேன்,” என்றேன்.

“தெரியும். நீ தெரிஞ்சு அடிச்சது ஒண்ணும் வலிக்கலயே,” என்றான்.