எவர்லின் வஞ்சாலா வீட்டு சோபா

மும்புவாவுக்கு ஒருவர் முகம் மறந்தாலும் அவர் வீட்டு சோபா மறக்காது. நைரோபியின் கிழக்கே உமோஜா குடியிருப்பில் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் என்ன நிறச் சோபா, எந்தக் கை ஆடும், எந்த இருக்கையில் பிள்ளை மூத்திரம் போயிருக்கிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்பது வருடமாக அவள் தொழில் வீடு வீடாகப் போய் சோபா கழுவுவது. இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு சோபாவைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அப்புறம் அவர்களே போன் செய்வார்கள்.

உமோஜாவில் பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மும்புவா எல்லோருக்கும் கனினி அம்மா. அவள் கைபேசியிலும் அப்படித்தான் பதிவாகியிருந்தார்கள்: சிமியு அம்மா, பராசா அம்மா, நஃபுலா அம்மா. சொந்தப் பெயர்கள் அவரவர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தன. யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

இதில் நஃபுலா அம்மா தனி ரகம். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மும்புவா சோபாவைக் கழுவித் தண்ணீர் உறிஞ்சும் வாடகை மெஷினோடு முதன்முதலாக டி கட்டடத்துக்கு வந்தபோது, யாரும் கதவைத் திறக்காத அந்த வாரத்தில், கதவைத் திறந்த ஒரே ஆள். சோபாவைக் கழுவச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. காய்ந்ததும் மாடிப்படியில் நின்று, "வந்து பாருங்கடி, என் சோபாவுக்குக் கல்யாணக் களை வந்திருக்கு!" என்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்தினாள். டி கட்டடம் மொத்தமும் அப்படி வந்ததுதான். அதன்பின் வருடா வருடம் டிசம்பரில் அவள் சோபாவைக் கழுவிவிட்டுத்தான் மும்புவா மற்ற வீடுகளுக்குப் போவாள்.

பிப்ரவரியில் மும்புவாவின் கணவன் மலுக்கிக்கு ஹோட்டல் வேலை போனது. அவனும் இந்தத் தொழிலுக்கே வந்தான். வந்தவன் முதலில் கண்டுபிடித்தது, கிறிஸ்துமஸ் முடிந்தால் மெஷின் தூங்குகிறது என்பதை.

"டிசம்பர் வரைக்கும் இதுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டா இருக்கப் போற?" என்றான்.

"பாடாம என்ன? உனக்குப் பாடுறப்ப இதுக்குப் பாட மாட்டேனா?"

ஜூன் மாதத்தில் ஒரு தள்ளுபடி இணையதளத்திலிருந்து கூர்மூக்கு ஷூ போட்ட ஒருவர் வந்தார். ஏழு பேர் உட்காரும் சோபா செட்டைப் பாதி விலைக்குக் கழுவித் தருவதாகத் தளத்தில் கூப்பன் போடுவார்களாம். அந்தப் பாதியிலும் ஒரு பங்கு தளத்துக்கு. "லாபம் இப்போ வராது மேடம். வாடிக்கையாளர் வருவாங்க" என்றார். மும்புவா இழுத்தாள். மலுக்கி கையெழுத்துப் போட வைத்தான். படிவத்தில் எத்தனை கூப்பன் விற்கலாம் என்ற கட்டத்தில் ஒரு வரம்பும் எழுதாமல் விட்டார்கள். எழுத வேண்டும் என்று அந்த ஷூக்காரரும் சொல்லவில்லை.

மூன்று நாளில் இருநூற்று நாற்பது விற்றது.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு மெஷின் வாடகைக்கு வந்தது. மும்புவா ஒரு பக்கம், மலுக்கி ஒரு பக்கம், நாளுக்கு ஆளுக்கு நான்கு வீடு. ஒரு செட்டை ஒழுங்காகக் கழுவ முக்கால் நாள் பிடிக்கும். நான்கு வீடு என்றால் எப்படி? சோப்புத் தண்ணீரை அள்ளி ஊற்றி, மேலாகத் தேய்த்து, அரைகுறையாக உறிஞ்சிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியதுதான். மலுக்கி அதற்குக் 'கூப்பன் கழுவல்' என்று பெயரே வைத்துவிட்டான். மும்புவாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் திட்டவும் இல்லை. அவளும் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, நகரத்தின் அடுத்த கோடியில் யாரோ ஒருவர் வீட்டில் முட்டிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நஃபுலா அம்மாவின் போன் வந்தது.

"கனினி அம்மா, இந்த வாரம் ஒரு எட்டு வந்து சோபாவைப் பாத்துட்டுப் போறியா?"

"இந்த வாரமா? ஐயோ, கூப்பன்காரங்க வரிசையா நிக்கிறாங்கம்மா. தள்ளிப் போட்டா தளத்துல கன்னாபின்னானு எழுதிடுறாங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை கண்டிப்பா வரேன். நீங்க நம்ம ஆளு, பொறுத்துக்குவீங்க."

நஃபுலா அம்மா "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். எதற்கு இந்த வாரம் என்று மும்புவா கேட்கவில்லை. நஃபுலா அம்மாவும் சொல்லவில்லை. அவள் கெஞ்சிக் கேட்கும் பிறவி இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மலுக்கியின் கைபேசிக்கு ஒரு புகார் வந்தது. அன்று காலை அவன் முடித்த வீடு. எவர்லின் வஞ்சாலா என்ற பெயரில் கூப்பன். சோபா பிழிந்தால் தண்ணீர் வருகிறது, நாற்றம் வேறு, நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஓர் இளம்பெண்ணின் குரல் அழாத குறையாகச் சொன்னது. நைரோபியின் ஜூலை மாதம் வெயிலைக் கண்ணில் காட்டாது. துவைத்த சாக்ஸே மூன்று நாள் கொடியில் கிடக்கும்.

"எங்க இருக்கு வீடு?" என்று மும்புவா கேட்டாள்.

"நம்ம உமோஜாதான். வா, காட்டுறேன்."

மெஷினைத் தூக்கிக்கொண்டு மலுக்கி முன்னால் நடந்தான். டி கட்டடத்துக்குள் நுழைந்ததும் மும்புவா ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே ஏறினாள். மூன்றாம் மாடியின் கடைசிக் கதவை மலுக்கி தட்டியபோது, யார் திறக்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

நஃபுலா அம்மா கதவைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவர்லின் வஞ்சாலாங்கறது நான்தான்" என்றாள். "உள்ள வாங்க."

மகள் நஃபுலா சுவரோரம் நின்று கைபேசியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். சோபாக்களைச் சுற்றிலும் தரையில் பழைய துண்டுகள் விரித்திருந்தன. துண்டுகளும் நனைந்திருந்தன.

"தெரிஞ்சவளாக் கேட்டேன், இடமில்லைன்னுட்ட" என்றாள் நஃபுலா அம்மா. சத்தம் போடவே இல்லை. "எம்பொண்ணு சொன்னா, கூப்பன் வாங்கி நாள் குறிச்சா அன்னைக்கே வந்துடுவாங்கம்மான்னு. சரின்னு தெரியாதவளா வாங்கினேன். பாதி விலைதான், ஓடி வந்தீங்க. வந்து இப்படிப் பண்ணிட்டுப் போனீங்க. ஒன்பது வருஷம் முழு விலை குடுத்தவ நான். எந்த ஊரு நியாயம் இது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது மும்புவாவுக்கு. "நாளைக்கு யாரு வராங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"தீக்காவுலேருந்து. நஃபுலாவைப் பொண்ணு கேட்டு. பதினோரு மணிக்கு. தண்ணியிலயா உக்கார வைக்கிறது?"

மலுக்கி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெஷினை ஓட்டினான். முக்கால் மணி நேரம் உறிஞ்சினார்கள். அரை வாளித் தண்ணீர் வந்தது. உள்ளே பஞ்சு ஊறிக் கிடந்தது. மும்புவா கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் காயாது. இதைச் சொல்ல அவளைவிடத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இல்லை.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கட்டடத்துல நல்லா காஞ்ச சோபா எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் போய்க் கேக்குறேன்."

"கேப்பியா? எம் மானத்தை வீடு வீடா எடுத்துக்கிட்டுப் போவியா?" இப்போதுதான் நஃபுலா அம்மாவின் குரல் உயர்ந்தது.

"உங்க மானம் இல்லம்மா, என் மானம். நான் கெடுத்தேன்னுதான் சொல்லப் போறேன்."

சொன்னபடி அப்படியே சொன்னாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். கூப்பன் வேலை எடுத்தேன், பழைய ஆளுங்களை விட்டேன், நஃபுலா அம்மா வீட்டு சோபாவை நாசம் பண்ணிட்டேன். அத்தனை பேரும் அவள் வாடிக்கைக்காரர்கள். தொழில் செய்கிறவர்கள் வாயால் சொல்லக்கூடாத பேச்சு அது. நாளைக்கு யாரும் கூப்பிடாமல் போகலாம். அது தெரிந்தேதான் சொன்னாள்.

முதல் மாடியில் போலீஸ்காரர் மனைவி பராசா அம்மா இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டாள்.

"வாங்க கூப்பன் ராணி! கழுவுறது போதாதுன்னு இப்ப தூக்கிட்டும் போறதா? என்னையும்தான் போன மாசம் தள்ளிப் போட்ட. மறந்துடுச்சா?"

"மறக்கல. அதுக்கும் சேத்துத் திட்டிடுங்க, ஒரேயடியா முடிஞ்சுடும்."

"திட்டுறதுக்கு நாளைக்கு வா. இப்ப அந்தப் பச்சையைத் தூக்கு. கோழிக்குழம்பு சிந்துச்சுன்னா ஓசியில கழுவித் தரணும், ஆமா!"

வாத்தியாரம்மா சிமியு அம்மா தன் மூன்று பேர் சோபாவைக் கொடுத்தாள். அதன்மேல் போடும் பின்னல் விரிப்பையும் கஞ்சி போட்டுக் கொடுத்ததுதான் அதிகப்படி. எதிர் வீட்டிலிருந்து ஒன்று, தரைத்தளத்து இரண்டு வீடுகளிலிருந்து ஒவ்வொன்று. மலுக்கி ஒற்றைச் சோபாக்களைத் தலையில் வைத்துப் படியேறினான். பெரியதைத் தூக்கப் போலீஸ்காரரே தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். இருட்டுவதற்குள் ஐந்து வீட்டு சோபாக்கள் நஃபுலா அம்மாவின் கூடத்தில் ஏறிவிட்டன. ஈரச் சோபாக்கள் மாடி நடையில் வரிசையாகக் குத்தவைத்துக் கிடந்தன.

கீழே இறங்கும்போது மலுக்கி சொன்னான். "நான் வரம்பு எழுதியிருக்கணும்."

"நீ யாரு வீடுன்னு கேட்டிருக்கணும். நானும்தான் கேக்கல. பட்டியல்ல இருக்குற அத்தனை பேரும் யாரோ ஒரு பிள்ளையோட அம்மா, இல்ல அப்பா. அவங்க வீட்டுக்கும் பொண்ணு கேட்டு யாராச்சும் வருவாங்க."

"இன்னும் தொண்ணூறு பேர் இருக்காங்க."

"வித்த வேலையைச் செஞ்சுதான் ஆகணும். ஒழுங்காச் செய்வோம், ஒரு நாளுக்கு ஒரு வீடு. வருஷக் கடைசி வரைக்கும் ஆகட்டும். போன் பண்ணிச் சொல்லிடுவோம், திட்டுறவங்க திட்டட்டும். பழைய ஆளுங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் தனியா வச்சுடணும்."

"அப்புறம் கூப்பனே கிடையாதா?" மலுக்கியின் குரலில் இன்னும் கொஞ்சம் ஆசை மிச்சமிருந்தது.

"ஜனவரியில மெஷின் தூங்குறப்ப இருபது போடு. இருபதுன்னு கொட்டை எழுத்துல எழுதிட்டுப் போடு."

சனிக்கிழமை காலை மும்புவா ஒளிந்துகொள்ளத்தான் நினைத்தாள். நஃபுலா அம்மா விடவில்லை. "ஓடிட்டா சப்பாத்தி யாரு போடுறது?" என்று அடுப்படியில் நிறுத்தினாள். மன்னித்தாளா என்று தெரியவில்லை. மும்புவா நாற்பது சப்பாத்தி சுட்டாள். கைதான் சப்பாத்தியில் இருந்தது, காது கூடத்தில் இருந்தது.

தீக்காக்காரர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். பிரார்த்தனை முடிந்தது, தேநீர் வந்தது. மாப்பிள்ளையின் பெரியத்தை கூடத்தைச் சுற்றிலும் பார்த்தாள். பச்சை, தேன்நிறம், நீலம், பூப்போட்டது, கோடு போட்டது. பார்த்தவள் சும்மா இருக்கும் அத்தை இல்லை.

"ஏம்மா, உங்க வீட்டுல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறமா இருக்கே, இது என்ன கணக்கு?"

அடுப்படியில் மும்புவாவின் கையிலிருந்த சப்பாத்தி தீய ஆரம்பித்தது. போச்சு, இந்தக் கல்யாணமே என்னால் போச்சு என்று நினைத்தாள்.

நஃபுலா அம்மா தேநீர்க் கோப்பையை நிதானமாக வைத்தாள்.

"இது அஞ்சு வீட்டு சோபா. எனக்கு ராத்திரி டியூட்டி இருந்த காலத்துல எம்பொண்ணு இந்த அஞ்சு வீட்டுலயும்தான் சாப்பிட்டா, தூங்கினா. அவளைக் கேட்டு வந்தா அஞ்சு வீட்டு முன்னாலயும் கேக்கணும். அதான் அஞ்சையும் உக்கார வச்சிருக்கேன்."

மாப்பிள்ளையின் தாத்தா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்போ இந்தப் பச்சை என்ன சொல்லுது? பொண்ணைக் குடுக்குதா?" என்று தான் உட்கார்ந்திருந்த சோபாவின் கையைத் தட்டிக் கேட்டார். அதற்கப்புறம் பேச்சு தடங்கலில்லாமல் ஓடியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எல்லாம் முடிவாகி, நஃபுலாவைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். மும்புவா தீய்ந்த சப்பாத்தியைத் தானே தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால் என்று யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை.

கோழியும் உகாலி என்ற மக்காச்சோளக் களியும் பரிமாற அவள் கூடத்துக்கு வந்தபோது, பெரியத்தை சோபாவின் துணியை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "பழசுதான், ஆனா என்ன சுத்தம்! எங்க வீட்டுதை வெளிய தூக்கிப் போடலாம்னு இருக்கேன். யாரு கழுவினது?"

"இதோ நிக்கிறாளே, இவதான். கனினி அம்மா" என்று நஃபுலா அம்மா மும்புவாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இந்தக் கட்டடத்துல எல்லா வீட்டுக்கும் இவதான். நான் சொன்னா தீக்கா வரைக்கும் வருவா."

அத்தை உடனே கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்தாள். "இப்பல்லாம் போன்ல பாதி விலைக்குக் கூப்பன் வருதாமே? இவளுக்கும் உண்டா?"

மும்புவா நஃபுலா அம்மாவைப் பார்த்தாள்.

"அது தெரியாதவங்களுக்கு" என்றாள் நஃபுலா அம்மா, பிடித்த கையை விடாமல். "நீங்க இப்ப எங்க சொந்தம். முழு விலை."