நாலாவது மாடிக்குப் போகாத லிஃப்ட்

எங்கள் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘மேலேகீழே’ என்று பட்டப்பெயர். அவர் கைபட்ட லிஃப்ட், போகவேண்டிய மாடியை மனசில் நினைத்தாலே கிளம்பிவிடும். பொத்தான்கள் சும்மா அழகுக்கு. காலிப் பெட்டியை ஓடவிட்டுப் பார்க்காமல் யாரையும் ஏற்றமாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தன் ரத்தத்தைச் சோதிக்க மட்டும் துணிச்சல் வரவில்லை. மனைவி பிரிந்துபோன பிறகு, வெளியூர் வேலைகளில் துணை தேடிக்கொண்டதுண்டு. பாதுகாப்பைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது கீழ்த்தளத்துத் தையல்கடைக்காரியைக் கட்டிக்கொள்ளப் போகிறார். உடம்பில் பால்வினைத் தொற்று இருந்து அவளுக்கும் தொற்றிவிட்டால்? சோதனையில் தெரிந்து, அவள் விலகிவிட்டால்? இரண்டுக்கும் நடுவில் மனுஷன் தொங்கிக்கொண்டிருந்தார்.

சோதனை செய்யும் கிளினிக் அதே கட்டடத்தின் கடைசி மாடியில், அதாவது நாலாவது மாடியில். அங்கே வேறு கடை கிடையாது. வெறுங்கையோடு போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஆகவே கருவிப்பெட்டியோடு போவார். நர்ஸைக் கண்டதும் லிஃப்ட் பக்கம் திரும்பிக்கொள்வார். லிஃப்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு இறங்கிவிடுவார். அது குடித்த எண்ணெயில் ஒரு கல்யாண வீட்டுக்கே பொரித்திருக்கலாம்.

ஒருநாள் நர்ஸ் கேட்டே விட்டாள்: “லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது அண்ணே? உங்களுக்குத்தான் ஏதோ ரிப்பேர் மாதிரி இருக்கு.”

பதறிப்போய், “வேலை இருக்கு” என்று மொட்டைமாடிக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுக்காமல் அவர் அணைத்ததே இல்லை. அன்று மறந்துபோனார்.

லிஃப்டுக்குள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம். இறங்கி வந்து நாலாவது மாடிக் கதவை நெம்பினால், பாதி வழியில் நின்ற பெட்டிக்குள்ளிருந்து தையல்கடைக்காரி அண்ணாந்து பார்க்கிறாள். எங்கே கிளம்பினாய் என்று கேட்க வாயெடுத்தவர், நாலாவது மாடியில் போவதற்கு ஒரே இடம்தான் உண்டு என்பது உறைத்து நிறுத்திக்கொண்டார்.

அவளே சொன்னாள்: “என் முதல் புருஷன் ஊர் மேஞ்சவன். அவன் விட்டுப்போனது ஏதாவது இருந்து உங்களுக்கு ஒட்டிடக் கூடாதில்ல. நீங்க?”

அவர் கருவிப்பெட்டியைப் பார்த்தார். பொய் அதற்குள் இல்லை.

“நானும் அதுக்குத்தான். பல வாரமா வர்றேன். உள்ளதான் போகல.”

அவள் சிரித்ததில் லிஃப்டே குலுங்கியது. “அதான் என் துணியெல்லாம் எண்ணெய் வாடையா? முதல்ல என்னைத் தூக்கி விடுங்க. சேர்ந்தே போவோம்.”

அவளுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு ஒரு தொற்று இருந்தது. மாத்திரையில் குணமாகும், அதற்குமேல் பயப்பட ஏதுமில்லை என்றார் டாக்டர். குணமானதை மறுசோதனையில் பார்த்துவிட்டுக் கல்யாணம் என்று முடிவானது. தள்ளிப்போகிறதே, மனசு மாறிவிடுமோ என்று அவர் இழுக்க, அவள் சொன்னாள்:

“தையல் கோணினா பிரிச்சுத் தைப்பேன். துணியையா தூக்கிப் போடுவேன்?”

மறுசோதனையில் தொற்று போயிருந்தது. இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். பொத்தானை யாரும் அழுத்தவேயில்லை. அது பாட்டுக்குக் கீழ்த்தளத்துத் தையல்கடை வாசலில் போய் நின்றதாம். நம்பாதவர்கள் படியேறிப் போகட்டும்.