கோட்டுக்கு வெளியே கத்துகிற அப்பா

பந்து தெருவில் உருண்டு வந்தால்கூடக் குனிந்து கையால் எடுத்துக் கொடுக்கிற ரகம் நான். ஆனாலும் வங்காளத்தில், கால்பந்தே உயிராக இருக்கிற ஜாதவ்பூரில் குடியிருந்துகொண்டு பிள்ளையைக் கால்பந்துக்கு அனுப்பாவிட்டால், மாடிப்படியில் அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்க முடியாது. ஆறு வயது மகளை ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் சேர்த்தேன். பூட்ஸ் அவளுக்கு, ஆட்ட ஞானம் முழுக்க எனக்கு.

மைதானத்துக் கோட்டுக்கு வெளியே, கையில் அவித்த முட்டை டப்பாவுடன் பெற்றோர் நின்று வங்காளியில் கத்துவார்கள். நான் மட்டும் தமிழில் கத்துவேன். எதிரணிக்குப் புரியாதே! என் ராஜதந்திரத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

"இந்தப் பக்கம் தள்ளுடி கண்ணு! விடாதே!"

அவள் உடனே நிற்பாள். பந்தை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னப்பா?" என்பாள். அதற்குள் பந்து போயே போய்விடும்.

பெரியவர்கள் கூப்பிட்டால் செய்கிற வேலையை நிறுத்தி, முகம் பார்த்து, என்னவென்று கேட்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நாள் முழுக்க வங்காளி பேசுகிற பெண் மரியாதையையாவது தமிழில் கற்கட்டும் என்று, தொண்டை வறளச் சொல்லி வளர்த்தவன் நானேதான்.

பக்கத்துப் பேட்டைக் குழந்தைகளோடு முதல் மேட்ச் வந்தது. ஒரு கோலாவது போட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை. முந்தின நாள் ராத்திரி ஜெர்சியைக் கழற்றாமலே தூங்கினாள்.

"உங்க பொண்ணு நன்னா ஓடறா. நீங்க வாய வெச்சுண்டு சும்மா இருங்கோ, போறும்" என்றாள் மனைவி. பயிற்சியாளரும் கிட்டத்தட்ட அதையே வங்காளியில், கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசி நேரத்தில் பந்து அவளிடம் வந்தது. எதிரே கோல் கீப்பர் மட்டும்தான். அந்தக் குழந்தையும் வானத்தில் பட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கைக்குட்டை எப்போது கீழே விழுந்ததோ தெரியாது.

"அடிடி செல்லம்!"

நின்றாள். திரும்பினாள். "என்னப்பா?"

நுணல் தன் வாயால் தான் மட்டும்தான் கெடும். நான் பெண்ணையும் சேர்த்துக் கெடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தலையணையில் முகம் புதைத்து அழுதாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இனிமே நான் கூப்ட்டா திரும்பாதேடா" என்றேன்.

"எப்படிப்பா திரும்பாம இருக்கறது?" என்று தேம்பினாள். "கூப்ட்டது நீயாச்சே."

அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னாள். "நீ கிரவுண்டுக்குள்ள வராம இரேன்."

அடுத்த ஞாயிறு மதில்சுவருக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே திடீரென்று ஆரவாரம். எழுந்து எட்டிப் பார்க்கத் துடித்த கால்களை அடக்கிக்கொண்டு இன்னொரு டீ சொன்னேன்.

முழங்கால்வரை சேறோடு ஓடி வந்தாள். "அப்பா, நான் கோல் போட்டேன்! பாத்தியா?"

"இல்லடா கண்ணு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டாள். "அடுத்த வாரமும் இங்கயே ஒக்காந்துக்கோப்பா."